மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலு,

இங்கே நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உன் கையால் எழுது. போனில் கேட்டால் "எனக்கென்னடி, குதிரை மாதிரி இருக்கேன்" என்கிறாள்.

போனில் நாம் என்னத்தைப் பேச முடிகிறது? நீ எடுத்ததும் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை நகர்வதில்லை. மெசேஜ் அனுப்பலாம் என்றால் பாதி நேரம் உன் போன் அவள் கையில்தான். அதனால்தான் நாற்பத்தாறு வயதில் தபால் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீயும் தபாலிலேயே எழுது.

உங்கள் கம்பெனி செய்த திரை எங்கள் வார்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. "என் தங்கச்சி செஞ்சது" என்று முதல் நாள் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. பெயர், படுக்கை எண், மருந்து, பக்கத்தில் ஒரு கட்டம். மருந்து மணிக்கு எவ்வளவு ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்வதை அந்தக் கட்டத்தில் போட்டு "சேமி" என்று அழுத்த வேண்டும். படுக்கையோரம் நிற்கும் நர்ஸ் அதைப் பார்த்து மருந்து ஏற்றும் பம்பைத் திருப்புவாள். இதுவரை சரி. ஆனால் நான் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை ஒரு தரம் கண் சிமிட்டுகிறது. பாதி போட்ட எண் காணாமல் போய்விடுகிறது. எப்போது சிமிட்டும் என்று சொல்ல முடியவில்லை. நேற்று ஒரே ஆளுக்கு மூன்று தரம் போட்டேன். "சிஸ்டர், உங்க தங்கச்சி கண்ணடிக்கிறா" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். நான் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடுகிறேன்.

கொஞ்சம் பார். அம்மாவிடம் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் குதிரை அல்ல, நொண்டிக் குதிரை. மாடிப்படி ஏறும்போது யாரும் பார்க்காவிட்டால் உட்கார்ந்து ஏறுகிறாள்.

நீ எழுதியதைப் படித்து வெட்கமாகிவிட்டது. திரையை நாங்கள் துண்டு துண்டாகச் செய்கிறோம். மேல்பக்கம் ஒரு துண்டு, நோயாளிக்கு ஒரு துண்டு என்று. எங்கே மாறுகிறதோ அந்தத் துண்டு மட்டும் தன்னைத் திரும்ப வரைந்துகொள்ள வேண்டும். இதை ரீரெண்டர் என்போம். உங்கள் வார்டில் ஒன்றுமே மாறாதபோதும் எல்லாத் துண்டுகளும் திரும்ப வரையப்படுகின்றன. ஏன் என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஓர் எண்ணிக்கை வைத்தேன். எத்தனை தரம் வரையப்பட்டது என்று காட்டும். எங்கள் சோதனைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை ஆபீஸில் பூதக்கண்ணாடி என்போம். அவளுக்கே தெரியும், கோபித்துக்கொள்வதில்லை. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு எதையும் தொடாமல் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லா வரிசையிலும் ஒன்று கூடியது. காத்திருந்தோம். மறுபடி ஒன்று. அவள் திரையின் மூலையைக் காட்டி, "அது என்ன?" என்றாள்.

கடிகாரம். நிமிஷம் மாறும்போது மாறும் கடிகாரம். அதைப் பெரிய துண்டுக்குள் வைத்திருந்ததால் நிமிஷத்துக்கு ஒரு தரம் மொத்தமும் வரையப்படுகிறது. அது மட்டுமில்லை. நோயாளி வரிசைகளைச் செய்யும் அச்சையும் அதே பெரிய துண்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். ஒவ்வொரு தரமும் அச்சு புதிதாக வார்க்கப்படுகிறது. பழைய வரிசைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கிறது. எறியப்படும் வரிசையோடு நீ பாதி போட்ட எண்ணும் போய்விடுகிறது.

கடிகாரத்தைத் தனியாக்கி அச்சை வெளியே எடுத்தால் தீர்ந்தது. எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் "பார்க்கலாம்". அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எங்கள் அக்கா உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடுகிறாள் என்று சொன்னேன். உடனே செய்யச் சொல்லிவிட்டார். பத்துப் பொய் நோயாளிகளை வைத்து ஒரு மணி நேரம் சோதித்தோம். போட்ட எண் பாறை மாதிரி நின்றது. மாதக் கடைசிக்குள் உங்களுக்கு வந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு

*

மார்ச் 6

அன்புள்ள வாலு,

சுகம், சுகமறிய ஆசை.

திரை கண்ணடிப்பதை நிறுத்திவிட்டது. பாதி போட்டுவிட்டு யாராவது கூப்பிட்டால் போய் வந்தாலும் எண் அப்படியே இருக்கிறது. மேட்ரன் என்னிடம் வந்து, "உங்க தங்கச்சிகிட்ட தேங்க்ஸ் சொல்லுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. இன்னொன்றும் பிடித்திருக்கிறது: புதிதாக ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வந்ததுமே அவர் பெயர் எல்லோருக்கும் மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது, மற்றவர்கள் ஒரு படி இறங்கிக்கொள்கிறார்கள். நாம் தேட வேண்டியதில்லை.

சின்ன சிஸ்டர் என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்கிறாள். நீ சின்ன வயதில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது ஞாபகம் வருகிறது.

அம்மாவைப் படியில் உட்கார்ந்து ஏற விடாதே.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். நீயும் நலம்தானே.

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடியிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நாங்கள் செய்கிற வேலையால் ஒரு ஆளுக்கு நல்லது நடந்ததாகக் கேட்பது அபூர்வம். திட்டுதான் வரும். திருத்திய திரை இப்போது ஏழு ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருக்கிறது. மேட்ரன் சொன்னதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

உன் லீவு எப்போது? சட்டென்று பதில் போடு.

வாலு

*

ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

நலமா? இது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. போனில் பேசுகிறாய், ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவள் மாதிரி பேசுகிறாய். நேற்று அம்மா போனை வைத்ததும், "அவ குரல்ல உப்பே இல்லடி" என்றாள். வேலை அதிகம் என்று சமாளித்தேன்.

வார்டில் ஏதாவது நடந்ததா? உடம்புக்கா? இரண்டு வரி எழுதினாலும் போதும்.

வாலு

*

ஏப்ரல் 19

அன்புள்ள வாலு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. பதில் போடாதது என் தப்பு.

என்னைக் கொஞ்ச நாளைக்கு ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. கால்வலிக்கு நல்லது. ஜன்னல் இல்லாத அறை; வெளியே வெயிலா மழையா என்று சாப்பிடப் போகும்போதுதான் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது எந்த வயதில்? நாற்பத்தேழு என்று எனக்கு ஞாபகம். நீ அப்போது சின்னப் பெண். ஆனாலும் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். முதலில் எது மறந்தது? மறந்தது அவருக்கே தெரிந்ததா, அல்லது தான் சரியாகத்தான் செய்தோம் என்று சத்தியம் செய்தாரா? அம்மாவிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

(இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அது ஒன்றுமில்லை.)

அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்கா,

நாங்கள் நலம். மற்றதெல்லாம் அப்புறம்.

நீ அடித்த வரியைத் தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் படித்துவிட்டேன். பேனாவை அழுத்திப் பிடிக்கிற வழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை. "டிரைவருக்குத்தான் பன்னிரண்டு போட்டேன், சத்தியமாக டிரைவருக்குத்தான்" என்று இருக்கிறது.

அப்பாவைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுத மாட்டேன். முதலில் நான் கேட்பதற்கு நீ பதில் சொல்.

பூதக்கண்ணாடியிடம் மட்டும் சொன்னேன். இரண்டு நாளாக இருவரும் ஓர் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பத்துப் பொய் நோயாளிகள். ஒருவருக்குப் போட்டது இன்னொருவருக்குப் போகிறதா என்று நாற்பது தரம் போட்டுப் பார்த்தோம். நாற்பது தரமும் சரியான ஆளுக்கே போனது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். திரை சரி என்றால் தப்பு எங்கே இருக்கிறது என்று யோசிக்கும்போது பயமாக இருக்கிறது. எதற்காகப் பயப்பட வேண்டும் என்றுகூடத் தெரியாத பயம்.

அன்றைக்கு நடந்ததை நிமிஷம் நிமிஷமாக எழுது. முக்கியமில்லை என்று நினைப்பதையும் எழுது. யார் வந்தார்கள், யார் கூப்பிட்டார்கள், நீ எங்கே திரும்பினாய், எல்லாம்.

வாலு

*

மே 5

அன்புள்ள வாலு,

நீ நலமாக இரு. நான் எப்படி இருக்கிறேன் என்று இனிமேல் மறைக்கவில்லை.

மார்ச் 21. காலை பத்தேகால் மணி இருக்கும். திரையில் முதலில் ஒரு மாணவி, இரண்டாவது கண்ணாடிக் கடைக்காரர், மூன்றாவது லாரி டிரைவர். டிரைவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. இன்சுலினை மணிக்குப் பன்னிரண்டு யூனிட்டாக ஏற்றச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு போட்டேன். டிரைவரின் பெயரைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அப்போது மூச்சுத் திணறலோடு ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கதவு இடித்துக்கொண்டது, திரும்பிப் பார்த்து, கதவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அரை நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து மூன்றாம் வரிசையில் "சேமி" அழுத்தினேன். என் எண் அங்கேயே இருந்தது. அந்த அம்மாளிடம் ஓடிவிட்டேன்.

சின்ன சிஸ்டர் திரையைப் பார்த்துக் கண்ணாடிக் கடைக்காரரின் பம்பைப் பன்னிரண்டுக்குத் திருப்பியிருக்கிறாள். திரையில் அவர் பெயருக்கு நேரேதான் பன்னிரண்டு இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சு குளறி, வலிப்பு வந்துவிட்டது. அவள்தான் கவனித்து ஓடி வந்தாள். நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் பழைய மாதிரி இல்லை.

கணினியின் பதிவில் நேரம் இருக்கிறது, நான் போட்ட எண் இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறது. விசாரணையில் நான் டிரைவருக்குத்தான் போட்டேன் என்று சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. மேட்ரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவை ஆபீஸிலிருந்து கூட்டிவந்து விட்டவர்கள் அம்மாவை அப்படித்தான் பார்த்தார்கள். சர்வேயராக இருந்தவர், அளந்த நிலத்தையே அளக்கவில்லை என்று சாதித்தார். எனக்குப் பதினேழு வயது. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

வாலு, எனக்கு அது வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தினமும் விரிப்புகளை மடித்துக்கொண்டே வார்டில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறேன். எல்லாம் வருகிறது. வருவதாக எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கும் அப்படித்தானே தோன்றியது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உன்னிடம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 11

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உனக்கு மறதி இல்லை. நீ டிரைவருக்குத்தான் போட்டாய்.

ஸ்ட்ரெச்சர் வந்தது என்று நீ எழுதிய இடத்தைப் படித்ததும் பூதக்கண்ணாடி எழுந்து நின்றுவிட்டாள். நாங்கள் வைத்திருந்த பத்துப் பொய் நோயாளிகளும் எப்போதும் அதே பத்துப் பேர். சோதனை நடக்கும்போது புதிதாக யாரையும் நாங்கள் சேர்த்ததே இல்லை. மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு போட்டேன். சேமிக்கவில்லை. அவள் தன் கணினியிலிருந்து ஒரு புது ஆளைச் சேர்த்தாள். பெயர்கள் எல்லாம் ஒரு படி இறங்கின. இரண்டாவது இருந்தவர் மூன்றாவதுக்கு வந்தார். என் பன்னிரண்டு மட்டும் இறங்கவில்லை. மூன்றாம் வரிசையிலேயே நின்றது, இன்னொருவர் பெயருக்கு நேரே.

மறுபடி செய்தோம். மறுபடியும் அப்படியே.

தப்பு ஒரே வரியில் இருந்தது. திரும்ப வரையும்போது எந்த வரிசை யாருடையது என்று கணினிக்கு ஓர் அடையாளம் சொல்ல வேண்டும். நோயாளியின் எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று இடத்தைச் சொல்லியிருந்தது. ஆள் மாறினாலும் மூன்றாவது மூன்றாவதுதானே என்று கணினி கட்டத்தில் இருந்ததை அங்கேயே வைத்துக்கொண்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு தரம் வரையும்போதும் எல்லாம் அழிந்துபோனதால் இப்படித் தங்க வழியே இல்லை. கண் சிமிட்டுவதை நிறுத்தியதும் தங்கிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

மேலாளரிடம் ஓடினேன். கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு நாள் பொறுங்க. வக்கீல்கிட்ட கேட்டுட்டு எழுதலாம்" என்றார்.

"ரெண்டு நாள்ல எத்தனை பேர் அட்மிட் ஆவாங்க சார்?"

அவர் வக்கீலின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பயம் எனக்கும் இருந்தது. இந்த நிமிஷம் ஏழு ஆஸ்பத்திரிகளில் எங்கேயோ ஒரு நர்ஸ் எண் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள் என்ற நினைப்பு என்னை உட்கார விடவில்லை. என் இடத்துக்கு வந்து ஏழு ஆஸ்பத்திரிக்கும் எழுதினேன்: நாங்கள் சொல்லும்வரை கட்டத்தில் போடாதீர்கள், தாளில் எழுதுங்கள், காரணம் இது. அனுப்புவதற்கு முன் ஏழு பெயர்களையும் மூன்று தரம் படித்தேன். நிமிர்ந்தால் பின்னால் மேலாளர் நிற்கிறார். முழுக்கப் படித்திருக்கிறார்.

"உங்க பேருக்குக் கீழ என் பேரையும் போடுங்க" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டோம். உங்கள் விசாரணைக் குழுவுக்கு அவரே தனியாக எழுதியிருக்கிறார். நடப்பதைப் படம் பிடித்தும் அனுப்பியிருக்கிறோம்.

கண்ணாடிக் கடைக்காரரை நான் வந்து பார்க்கலாமா? கேட்டு எழுது.

வாலு

*

மே 20

அன்புள்ள வாலு,

நான் சுகம். இந்தத் தரம் பேச்சுக்குச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை ஸ்டோரில் விரிப்புகள் மேல் உட்கார்ந்து படித்தேன். "உனக்கு மறதி இல்லை" என்ற வரியில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் போக வெகு நேரம் ஆயிற்று. பிறகு ஒரு டாக்டரிடம் நானாகவே போய், மறதிக்கான எல்லாச் சோதனையும் செய்யச் சொன்னேன். படங்கள் காட்டினார், சொற்கள் சொன்னார், பின்னாலிருந்து முன்னால் எண்ணச் சொன்னார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

நீ எழுதாமல் விட்டதையும் படித்தேன். ஒரு வரி தப்பாக இருந்தது என்கிறாய். யார் எழுதிய வரி என்று இல்லை. சின்ன வயதிலிருந்தே நீ எதையாவது மறைக்கும்போது உன் கையெழுத்து குண்டாகிவிடும். அந்தப் பாரா முழுக்கக் குண்டாக இருக்கிறது. அது நீ எழுதிய வரிதான். மார்ச் 21 அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் கேட்டதற்காக அவசரமாகத் திருத்திக் கொடுத்தாய். உன் தலையில் போய் விழுமோ என்றுதான் வாயைத் திறக்கவில்லை. போன கடிதத்தில் எழுத வேண்டாம் என்று விட்டது அதுதான். பிறகு என்னையே சந்தேகப்பட்டேன். அது ஒரு வகையில் சுலபமாக இருந்தது.

தங்கையின் தப்பு என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுநாள் விரிப்பு மடிக்கும்போது கோபம் வந்தது. எட்டு வாரம், வாலு. எட்டு வாரம் நான் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன், எழுந்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகும்.

விசாரணை முடிந்தது. திரையின் தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அழுத்துவதற்கு முன் பெயரை மறுபடி படிக்காதது என் தப்பு என்று எழுத்தில் கண்டித்திருக்கிறார்கள். சின்ன சிஸ்டரை விட்டுவிட்டார்கள், அதுவே போதும். நான் வாதாடவில்லை. அரை நிமிஷம் திரும்பிப் பார்த்தவள் ஒரு நொடி பெயரையும் பார்த்திருக்கலாம். ஜூன் முதல் வார்டுக்குப் போகிறேன். போக ஆசையும் இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது.

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். பேச்சு மெதுவாக வருகிறது. இடது கையில் பிடிமானம் இல்லை. கண்ணாடி வெட்டுகிற கை. மாதக்கணக்கில் தேறலாம் என்கிறார்கள். அவர் மனைவியிடம் ஆள் மூலம் கேட்டேன். மெஷினைச் செய்தவள் வரலாம், அந்த நர்ஸ் வாசல்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அது நியாயம்தான். நீ வா. தெருவரை நான் வருகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம். நமக்குத் தெரியாமலே அவளுக்குப் பாதி தெரிந்திருக்கும்.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், "அவளை மட்டும் தனியா அங்க விட்டு வெச்சோமே" என்றாள். இந்தக் கடிதத்தோடு அவளுடைய நான்கு வரியும் இருக்கிறது. அதை நான் படிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நீ "என்ன சொன்னார்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சுவரோரம் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்து நின்றன, தூசி படிந்திருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார், இடது கை மடியில். அவர் மனைவி எனக்கு ஒரு ஸ்டூலைக் காட்டினாள். என்னென்னவோ மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், எல்லாம் போய்விட்டது. அந்த வரியை எழுதியது நான் என்று மட்டும் சொன்னேன். அக்கா கேட்டாள் என்று அவசரப்பட்டேன், ஆள் மாறும்போது என்ன ஆகும் என்று பார்க்கவில்லை, உங்கள் கை இப்படி ஆனதற்கு நான் காரணம் என்றேன்.

அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "இப்ப... சரி... பண்ணியாச்சா?"

பண்ணியாகிவிட்டது என்றேன்.

"நிச்சயமாவா?"

அக்கா, பிப்ரவரியில் கேட்டிருந்தால் பாறை மாதிரி நிற்கிறது என்று சொல்லியிருப்பேன். இப்போது நாக்கு புரளவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரி பண்ணிட்டேன். எனக்குத் தெரியாதது இன்னும் இருக்கலாம். தினமும் பார்த்துட்டே இருக்கேன்" என்றேன்.

அவர் மனைவி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "இதையாவது உள்ளபடி சொன்னீங்களே" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு அவர் கடைக்கு வெளியே பார்த்தார். எதிர்ச்சாரியில் நீ நின்றுகொண்டிருந்தாய். யார் என்று கேட்டார். மனைவி சொன்னாள். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்ன என்று எனக்குப் புரியவில்லை; முகம் அவர் சொன்னபடி கேட்பதில்லை. கடைசியில், "வெயில்ல நிக்கிறாங்க" என்றார். அவ்வளவுதான். மனைவி எழுந்திருக்கவில்லை.

நான் விடைபெற்றுக்கொண்டு படி இறங்கும்போது அந்த அம்மாள் பின்னாலேயே வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, உன் பக்கம் பார்க்காமலே சொன்னாள்:

"அடுத்த தடவை வரும்போது அவங்களும் வரட்டும். உட்காருங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா உள்ள வரட்டும்."

எப்போது போகலாம் என்று எழுது. நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

வாலு